உடனூழியர் ஞாயிறும் எட்டாவது வளைவும்

காளப்பநாயக்கன்பட்டி
24.6.2024

அரியூர் நாடு சபை உபதேசியார் பிலிப் அவர்களுக்கு,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். நானும் வீட்டாரும் சுகம். மலையில் நீரும் சபையாரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாமென்றால் உம்முடைய கோயிலடியில் டவர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நான் சொல்வதற்கெல்லாம் ‘ஆங், ஆங்’ என்று சொல்லிவிட்டுப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை என்கிறீர். ஆகவே வழக்கம்போலக் கடிதம். பதிலையும் எழுதிக் கண்டக்டர் தனபாலிடமே கொடுத்தனுப்பும். எனக்கும் கோப்பில் வைக்க ஒரு காகிதம் வேண்டும்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட் 18 அன்று உடனூழியர் ஞாயிறு அனுசரிக்க வேண்டும் என்று பேராயர் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார். நாமெல்லாரும் மோசே, தாவீது, பவுல் என்று பெரியவர்களையே பிரசங்கித்துக்கொண்டிருக்கிறோமாம். அவர்களுக்குப் பின்னால் நின்று கடிதம் சுமந்தவர்கள், சோறு போட்டவர்கள், கைதாங்கியவர்கள் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லையாம். அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் வேதத்தில் அப்படி ஒருவரைத் தேர்ந்து மூன்று நிமிடம் பேச வேண்டும்.

அதோடு நம் சேகரத்துச் சபைகளில் யாரும் கவனிக்காமல் உண்மையாய் உழைக்கிற ஒருவருக்குப் பேராயரே வந்து பொன்னாடை போர்த்துவார். பெயர் கேட்டிருக்கிறார்கள். நானும் மூன்று நாளாக யோசிக்கிறேன். யாரும் என் கவனத்துக்கு வரவில்லை. உமக்குத் தெரிந்த பெயர் ஏதாவது இருந்தால் எழுதும்.

ஜூலை 14 அன்று திருவிருந்து கொடுக்க அவசியம் வருகிறேன்.

ஜான்பீட்டர்
சேகர ஆயர்


அரியூர் நாடு
1.7.2024

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கு உபதேசியார் பிலிப் எழுதிக்கொள்வது. தங்கள் கடிதம் கிடைத்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சுற்றறிக்கையை வாசித்தேன். பதினோரு குடும்பத்தில் ஒன்பது குடும்பம் யோனத்தானின் ஆயுததாரிதான் வேண்டும் என்றது, கையில் அரிவாள் பிடிக்கலாம் என்பதால். சண்டை வந்து, கடைசியில் யாருக்கும் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். நர்ஸ் ரஞ்சிதா, குஷ்டரோகி நாகமானைத் தீர்க்கதரிசியிடம் போகச் சொன்ன அவன் வீட்டு வேலைக்காரச் சிறுமியை எடுத்துக்கொண்டார். ஏனம்மா என்றேன். “கரெக்டான எடத்துக்கு ரெஃபர் பண்ணுனது அந்தப் புள்ளதானுங்க. அது சொல்லாட்டி பேஷண்டு போயிருப்பாருங்க” என்றார். அவருடைய ஆஸ்பத்திரி வேலையில் ஒரு வேதபாடம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. மாணிக்கம் தனக்குப் பேதுரு வேண்டும் என்றார். பேதுரு பெரிய ஆள், இந்த ஞாயிறுக்கு ஆகாது என்று சொன்னதில் அவருக்கு வருத்தம்.

பொன்னாடைக்குப் பெயர் கேட்டிருந்தீர்கள். பெயர் எழுதக் கூச்சமாக இருக்கிறது. இந்தச் சபையில் மணி அடிக்க ஒருவர் உண்டு. பெருக்கி விளக்கேற்ற ஒருவர் உண்டு. ஆயர் வராத வாரம் பிரசங்கம் செய்ய ஒருவர், சாவு விழுந்தால் அடக்கம் நடத்த ஒருவர், ஓடு உடைந்தால் கூரை ஏற ஒருவர் உண்டு. பத்தொன்பது வருஷமாக நடக்கிறது. தாங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாதப் படிவத்தை இணைத்திருக்கிறேன். ‘ஆயர் வருகை’ என்ற ஏழாவது கட்டத்தைக் காலியாக விட இம்முறையும் மனம் வரவில்லை. ஜூன் 9 என்று போட்டிருக்கிறேன். அன்று தாங்கள் பஸ் ஏறியது உண்மை. எட்டாவது வளைவில் வாந்தி எடுத்து இறங்கித் திரும்பியதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற மாதம்மாள் வாராவாரம் கேட்கிறார்: “ஏனுங்க உபதேசியாரே, இந்த வாரமாச்சும் ஐயரு வாராருங்களா?” திருவிருந்து எடுத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு அப்பத்தை ஆசீர்வதிக்க அதிகாரமில்லை. வேறு ஆயரை அழைக்கலாம். அழைத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் வருவார் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
பிலிப்


காளப்பநாயக்கன்பட்டி
6.7.2024

உபதேசியார் அவர்களுக்கு,

படிவம் கிடைத்தது, கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். பொன்னாடை விஷயத்தில் நீர் குழப்பிவிட்டீர். கேட்டது ஒரு பெயர். நீரோ ஐந்து பேரைக் குறிப்பிட்டிருக்கிறீர், ஒருவருக்கும் பெயர் இல்லை. மணியடிக்கிறவருக்குக் கொடுத்தால் கூரை ஏறுகிறவர் மனம் நோகாதா? சபைக்குள் பிளவு வரும். ஆகவே ‘தகுந்தவரைப் பேராய அலுவலகமே ஆவணங்களைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளட்டும்’ என்று எழுதிவிட்டேன்.

அந்த ஐவருக்கும் என் வாழ்த்துகளைச் சொல்லும்.

14ஆம் தேதி வருவது உறுதி. முன் சீட்டில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, கண்ணை மூடாமல் தூரத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாத்திரையும் வாங்கிவிட்டேன்.

ஜான்பீட்டர்


அரியூர் நாடு
15.7.2024

ஆயர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் வாழ்த்துகளை ஐந்து பேருக்கும் சொன்னேன். ஐந்து பேருமே ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுப் பீடத்துக்கு வெள்ளைத் துணியை இஸ்திரி போட்டு விரித்து வைத்தோம். மாதம்மாள் ஆறு மணிக்கே வெள்ளைச் சேலை கட்டி வந்து உட்கார்ந்துவிட்டார். பத்து மணி பஸ் வந்தது. தனபால் மட்டும் இறங்கி என்னைப் பார்க்காமல் டீக்கடைக்குப் போனார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினொன்றுக்குப் பக்கத்துத் தோட்டத்து மிளகு விவசாயி காளியண்ணன் வந்தார். அவர் நம் சபை இல்லை, அறப்பளீஸ்வரர் கோயில்காரர். அவருக்கு ஒளிவுமறைவு கிடையாது. சபை முழுக்கக் கேட்க, “உங்க ஐயரு எட்டாம் வளைவுல செவுத்து மேல உக்காந்திருக்காருங்க. கையில இருந்த எலுமிச்சம்பழத்தக் கொரங்கு புடுங்கிட்டுப் போயிருச்சு. பாவமா இருந்துச்சுங்க” என்றார்.

நான் உடனே ஒரு பாட்டு எடுத்துக் கொடுத்துவிட்டேன். எல்லாரும் பாடினார்கள். மாதம்மாள் பாடவில்லை.

கமிட்டிக் கூட்டம் என்று தாங்கள் தனபாலிடம் சொல்லியனுப்பிய செய்தி பிற்பகலில் கிடைத்தது. எந்தக் கமிட்டி என்று கேட்க எனக்கு உரிமையில்லை.

ஏழாவது கட்டத்தில் ஜூலை 14 என்று போட்டிருக்கிறேன்.

பிலிப்


காளப்பநாயக்கன்பட்டி
27.7.2024

உபதேசியார் அவர்களுக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பேராய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மலைச் சபையின் படிவங்களைப் பார்த்தார்களாம். ஒரு மாதம்கூடத் தவறாமல், மழையென்றும் பனியென்றும் பாராமல், எழுபது வளைவு ஏறிப்போய் ஊழியம் செய்த ஆயர், அதைப் பற்றி எங்கும் பெருமையாக ஒரு வார்த்தை பேசாதவர் என்று எழுதி, பொன்னாடையை எனக்கே போர்த்தத் தீர்மானித்திருக்கிறார்கள்.

என் மனைவி கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். அன்றிரவு உப்பில்லாத ரசம்.

மறுக்கலாமென்றால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் கையெழுத்துப் போட்டவன் நான், தேதி போட்டவர் நீர். ஆகவே இருவர் நன்மையையும் யோசித்து ஒரு வழி கண்டேன். விழாவை இங்கே அடிவாரத்திலேயே வைத்துக்கொள்வோம். பேராயருக்கும் வளைவு ஏறுகிற சிரமமில்லை. நீர் சபையாரை ஒரு வேனில் அழைத்து வாரும். திருவிருந்தையும் இங்கேயே கொடுத்துவிடலாம். வரவேற்பு வளைவும் தென்னங்குருத்துத் தோரணமும் உம்முடைய பொறுப்பு.

ஜான்பீட்டர்


அரியூர் நாடு
31.7.2024

ஐயா,

தோரணம் கட்ட என்னால் ஆகாது.

பத்தொன்பது வருஷத்தில் தங்களுக்கும் தங்களுக்கு முன்னிருந்த இரண்டு ஆயர்களுக்கும் ‘ஆகாது’ என்று நான் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். மாதம்மாளுக்கு மூட்டு இரண்டும் போய்விட்டது. கோயிலுக்கே இரண்டு பேர் தாங்கித்தான் வருகிறார். அவரை எழுபது வளைவு இறக்கி, விருந்து கொடுத்து, எழுபது வளைவு ஏற்றச் சொல்கிறீர்களா? தாங்கள் ஏற முடியாத மலையை அவர் இறங்கி ஏற வேண்டுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மணியடிக்கிறவர், பெருக்குகிறவர், பிரசங்கிக்கிறவர், அடக்கம் செய்கிறவர், கூரை ஏறுகிறவர் என்று நான் எழுதியது ஐந்து பேர் இல்லை. ஒரே ஆள். அந்த ஆள் இந்தக் கடிதத்தை எழுதுகிறவன்தான். தன் பெயரைத் தானே எழுத வெட்கப்பட்டுச் சுற்றி வளைத்து எழுதினேன். எனக்கு அந்தப் பொன்னாடை மேல் ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். தாங்கள் வாழ்த்து அனுப்பிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அது எனக்குக் கிடைக்கக் கூடாது என்பதும் இப்போது புரிகிறது. தங்கள் மானத்தைக் காப்பதாக நினைத்துப் பதின்மூன்று கட்டத்தில் பொய்த் தேதி போட்டேன். உதவி என்று நினைத்தேன். நான் அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தால் பேராயர் வேறு ஆயரையாவது அனுப்பியிருப்பார். மாதம்மாள் காத்திருந்திருக்க மாட்டார்.

பேராயருக்கு உண்மையை எழுதப் போகிறேன். என் வேலை போனால் போகட்டும். வரும் செவ்வாய்க்கிழமை தபாலில் சேர்ப்பேன். அதற்குள் தங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இது.

பிலிப்


காளப்பநாயக்கன்பட்டி
3.8.2024

அன்புள்ள பிலிப்,

எழுத வேண்டாம். நானே எழுதிவிட்டேன். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், பாருங்கள். தேதி போட்டது நீங்கள் என்பதை எழுதவில்லை. கையெழுத்துப் போட்டவன் வாசித்துத்தான் போட்டான் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

பேராயர் போனில் அழைத்தார். நான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டினார். பிறகு, “பதினெட்டாம் தேதி நான் அரியூர் நாட்டுக்கே வருகிறேன். நீரும் அங்கே இரும். மற்றதை அங்கே பேசிக்கொள்வோம்” என்றார். வைத்துவிட்டார்.

பிலிப், எனக்கு அந்த வளைவுகளைக் கண்டால் பயம். வாந்தி பிறகுதான் வருகிறது. பயம்தான் முதலில். பஸ் திரும்பும்போது சக்கரத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். பயப்படாதே என்று பிரசங்கம் செய்கிறவன் இதை யாரிடம் சொல்வது? சொல்லாமல் கமிட்டி என்றேன். எத்தனை கமிட்டி சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

பதினெட்டாம் தேதி நான் அங்கே இருந்தாக வேண்டும். பஸ்ஸில் ஏறினால் எட்டாவது வளைவில் இறங்கிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

ஜான்பீட்டர்


அரியூர் நாடு
7.8.2024

ஆயர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை கோபம் போகவில்லை. மூன்றாம் முறை போய்விட்டது.

வழி இருக்கிறது ஐயா. ரோடு வருவதற்கு முன்னால் இந்த ஊர் ஜனங்கள் எப்படி இறங்கினார்கள்? பேளுக்குறிச்சிச் சந்தைக்குத் தலைச்சுமையோடு நடந்துதான் போனார்கள். அந்தப் பாதை இன்னும் இருக்கிறது. செங்குத்து, ஆனால் வளைவு கிடையாது. கால் எப்போதும் தரையில்தான் இருக்கும். காளியண்ணனிடம் கேட்டேன். “பஸ்ஸுல வாரதுக்குத்தான பயம்? நடக்கறதுக்கு என்ன பயம்? நான் கூட்டியாரேனுங்க” என்றார். பதினேழாம் தேதி சனிக்கிழமை விடிகாலை பேளுக்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் நிற்பார். சிவப்புத் துண்டு தலைப்பாகை.

அங்கியைப் பையில் வையுங்கள், போட்டுக்கொண்டு வராதீர்கள். தோல் செருப்பு வேண்டாம். வாழைப்பழம் கையில் வெளியே தெரியக் கூடாது, குரங்குகளுக்கு ஏற்கெனவே தங்களைத் தெரியும். திருவிருந்துப் பாத்திரங்களைக் காளியண்ணனிடம் கொடுக்கலாம். மாதம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. தங்களைக் கண்ணால் கண்டபின் சொல்லிக்கொள்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

பிலிப்


காளப்பநாயக்கன்பட்டி
22.8.2024

அன்புள்ள பிலிப்,

இன்னும் தொடை இரண்டும் கழன்று தனியாக இருக்கிறது. மூன்று நாளாகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். மனைவி ரசத்தில் உப்புப் போட ஆரம்பித்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியதில் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாதி வழியில் ஒரு வழுக்குப் பாறை. நான் நாலு காலில் நின்றுகொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் இருந்தேன். காளியண்ணன் இடுப்பிலிருந்து கயிறு எடுத்தார். எனக்குக் கட்டும் முன்பு தலைப்பாகையை அவிழ்த்து, இரண்டாகக் கிழித்து, என் அக்குள் இரண்டிலும் வைத்தார். “கவுறு அறுக்குமுங்க சாமி” என்றார். எரேமியாவைச் சேற்றுக் குழியிலிருந்து தூக்கிய எத்தியோப்பியன் எபெத்மெலேக், கயிற்றோடு பழந்துணியும் இறக்கினானே, நினைவிருக்கிறதா? அந்தப் பகுதியை இருபது வருஷமாக வாசிக்கிறேன். துணி எதற்கு என்று பாறையில் தொங்கும்போதுதான் புரிந்தது. காளியண்ணனுக்கு அந்தக் கதை தெரியாது. சொன்னேன். “துணி வெக்காம யாருங்க தூக்குவாங்க?” என்று கேட்டார். ஞாயிறு மூன்று நிமிடத்துக்கு நான் தயாரித்திருந்த குறிப்பைக் கிழித்துப் போட்டது அதனால்தான்.

நீங்கள் அசனச் சாப்பாடு ஆகிற அடுப்படியிலேயே நின்றதால் கோயிலுக்குள் நடந்தது பாதிதான் உங்களுக்குத் தெரியும். சமையற்காரன் கடைசி நேரத்தில் வராமல் போனதற்கு அவனைத் திட்டுவதா வாழ்த்துவதா என்று தெரியவில்லை. பதினான்கு மாதம் வராததைச் சபைக்கு முன் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. மாணிக்கம் மட்டும் எழுந்து, “அது எங்களுக்குத் தெரியுமுங்களே” என்றார். நர்ஸ் ரஞ்சிதா, மலை ஏறும்போது வருகிற மயக்கத்துக்கு வெட்கப்பட வேண்டியதில்லை, தன்னிடம் வந்திருக்கலாமே என்றார். பிறகு பேராயர் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்படியானால் இது யாருக்கு?” என்று கேட்டார். ஒரே குரலில் உங்கள் பெயர். ஆள் அனுப்பினோம். நீங்கள் கரண்டியோடு வாசல்வரை வந்து, “சோறு அடிப்புடிக்குதுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவிட்டீர்கள். பேராயர் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. முன் வரிசையில் நடுங்கிக்கொண்டிருந்த மாதம்மாளுக்குப் போர்த்திவிட்டார். அவர் தடவிப் பார்த்துவிட்டு, “இது குளுருக்கு ஆவாதுங்க சாமி” என்றார்.

மாதம்மாள் கையில் அப்பத்தை வைத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அப்பத்தைத்தான் பார்த்தார். எனக்குத் தலைகுனிவாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

பேராயர் எனக்கு மாற்றல் தரவில்லை. மாதந்தோறும் ஏற வேண்டும், பஸ்ஸிலோ பாறையிலோ அது உம் இஷ்டம் என்றார். உங்களை ஒன்றும் கேட்கவில்லை. படிவத்தில் கையொப்பமிட்ட கையும் தேதி எழுதிய கையும் வேறு என்பது அவருக்குத் தெரியாமலில்லை.

இனி, எழுதவே கஷ்டமாக இருக்கிற ஒன்று. வீட்டுக்கு வந்து திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பந்திக்கு வந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உங்கள் முகம் இல்லை. அந்த நேரம் நீங்கள் சோறு வடித்துக்கொண்டிருந்தீர்கள். பதினான்கு மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் மாதம்மாளுக்காகக் கேட்டீர்கள். மாதம்மாளுக்கு இல்லாத அத்தனை நாளும் உங்களுக்கும் இல்லை என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. மலை ஏறி வந்தும் உங்களைப் பசியோடு விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன், பிலிப்.

செப்டம்பர் 1 ஞாயிறு வருகிறேன். காளியண்ணனிடம் சொல்லிவிட்டேன். அன்று மணியை நான் அடிக்கிறேன், விளக்கையும் நான் ஏற்றுகிறேன். நீங்கள் முன் வரிசையில் உட்காருங்கள். அசனம் வேண்டாம், எல்லாரும் அவரவர் வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன்
ஜான்பீட்டர்


அரியூர் நாடு
27.8.2024

அன்புள்ள ஆயர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் பஸ் ஸ்டாப்பில் நின்றே வாசித்தேன். தனபால், “ஏனுங்க, ஏதும் கெட்ட சேதிங்களா?” என்று கேட்டார். இல்லீங்க என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதால் அவர் நம்பவில்லை.

தாங்கள் எழுதியது சரி. மாதம்மாளுக்காகக் கேட்டதில் பாதி எனக்காகக் கேட்டதுதான். உபதேசியார் தனக்கு வேண்டும் என்று கேட்பது அழகில்லை என்று அவர் பெயரைப் போட்டேன். பதினெட்டாம் தேதி வடிகஞ்சியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உள்ளே திருவிருந்துப் பாட்டு கேட்டது. கையில் இருந்ததை வைத்துவிட்டு ஓடலாமா என்று இருந்தது. நூறு பேர் சோறு. ஓடவில்லை.

மணி அடிப்பது பற்றி: கயிற்றை மெதுவாக இழுத்து உடனே விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் அது தங்களைத் தூக்கிவிடும். முந்தைய ஆயர் ஒருவரை இறக்கிவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. விளக்குத் திரியைச் சனிக்கிழமையே போட்டு வைக்கிறேன். அதையாவது செய்ய விடுங்கள், சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லை.

முன் வரிசையில் உட்காரவும் பழக்கமில்லை. நேற்று மாலை பெருக்கி முடித்தபின் கோயிலில் யாருமில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, மாதம்மாள் பக்கத்து இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருஷம் வாசற்படியில் நின்றும் பக்கவாட்டில் நின்றும்தான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் பீடம் நேரே தெரிகிறது ஐயா. வாருங்கள்.

பிலிப்